மாற்றியது அவர்கள், பாக்கி என் பேரில்

வாடகைப் பாக்கிக்காரி. கவுன்சில் கணினியில் இப்போது நான் அதுதான். லண்டனுக்கு வந்த காலந்தொட்டு ஒரு பென்ஸ்கூட நிலுவை வைக்காமல் வாடகை கட்டியவளுக்கு, இந்த வயதில் கிடைத்த பட்டம்.

எனக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் அரைநேர வேலை. சம்பளத்தோடு அரசு தந்த டாக்ஸ் கிரெடிட்டும் சேர்ந்து அடுப்பெரிந்தது. வாடகையின் பெரும்பங்கை ஹவுசிங் பெனிஃபிட் பார்த்துக்கொண்டது. அந்தக் காசை நான் கண்ணால் கண்டதில்லை. கவுன்சிலுக்குள்ளேயே ஒரு கணக்கிலிருந்து என் வாடகைக் கணக்குக்கு நேரே போய் விழும். மிச்சத்தை நான் கட்டுவேன். இதில் யாருக்கு என்ன குறை இருந்தது? எனக்கு இல்லை. கவுன்சிலுக்கும் இல்லை. குறை கண்டது அரசு.

டாக்ஸ் கிரெடிட், ஹவுசிங் பெனிஃபிட் உட்பட ஆறு உதவிகளை உருட்டி ஒன்றாக்குகிறோம் என்று 2012-இல் சட்டம் கொண்டுவந்தார்கள். 2013 ஏப்ரலில் மான்செஸ்டர் பக்கம் ஆஷ்டன்-அண்டர்-லைனில் அந்த ஒன்று, யூனிவர்சல் கிரெடிட், தொடங்கியது. ஏன் காசு மாதத்துக்கு ஒருமுறை, அதுவும் மாதம் முடிந்த பிறகு? ஏன் வாடகைக் காசும் எங்கள் கையிலேயே? வேலை செய்கிறவர்கள் மாதச் சம்பளத்தில் வாழ்கிறார்கள், நீங்களும் அப்படிப் பழகுங்கள் என்றார்கள். எங்களுக்குப் பொறுப்புப் படிப்பிக்கிறார்களாம்! விடியற்காலை இருட்டில் பஸ் ஏறிப்போய் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குச் சாப்பாடு ஆக்கிவைப்பவளுக்கு, மாத முடிவில் காசை எண்ணக் கற்றுத்தரப் போகிறார்களாம்.

2024-இல் எனக்கும் அந்தக் கடிதம் வந்தது. மூன்று மாதத்துக்குள் யூனிவர்சல் கிரெடிட்டுக்கு விண்ணப்பிக்காவிட்டால் இப்போது கிடைப்பது நின்றுவிடும். மூத்தவன்தான் வாசித்துச் சொன்னான். கெடு முடிய வெகு முன்னரே விண்ணப்பித்தேன். கேட்ட பத்திரம் எல்லாம் கொடுத்தேன். வாடகை ஒப்பந்தம், பாஸ்போர்ட், சம்பளச் சீட்டு, ஒன்றும் குறையவில்லை. அவர்கள் சொன்னபடியே எல்லாம் செய்தவளுக்குத்தான் இது நடந்தது. அதுதான் வயிறு எரிகிறது.

விண்ணப்பித்த நாளோடு டாக்ஸ் கிரெடிட் நின்றது. முதல் காசு வர ஐந்து கிழமை. ஒரு மாதம் உன் வருமானத்தை அளப்பார்கள், அளந்து முடித்து ஏறக்குறைய ஒரு கிழமையில் போடுவார்கள். இடையில் எனக்கு ஹவுசிங் பெனிஃபிட் மட்டும் இரண்டு கிழமை கூட வந்தது. 2018 ஏப்ரலில், ஊரெல்லாம் கூச்சல் எழுந்த பிறகு கொடுத்த சலுகை அது. டாக்ஸ் கிரெடிட்டுக்கு அந்தச் சலுகைகூட இருக்கவில்லை. கிழமைக்கு 130 பவுண்ஸ் வாடகை என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம், நான்காம், ஐந்தாம் கிழமைகளுக்கு 390 பவுண்ஸ் எங்கிருந்து வரும்? திங்கட்கிழமை தவறாமல் வருகிறது. வாடகையும் அதனோடு கணக்கில் ஏறுகிறது.

கவுன்சிலுக்குப் போன் அடித்தால், “இனி வாடகை உதவி எங்கள் பொறுப்பில்லை, யூனிவர்சல் கிரெடிட்டைக் கேளுங்கள்” என்றார்கள். யூனிவர்சல் கிரெடிட்டின் இணையக் கணக்கில் உள்ள ஜேர்னலில் எழுதினால், “பாக்கி பற்றி உங்கள் வீட்டுக்காரருடன் கதையுங்கள்” என்று பதில். வீட்டுக்காரர் யார்? கவுன்சில்! இவர்களுக்குள் ஒருவருக்கொருவர் பேச்சுவார்த்தை இல்லாவிட்டால் அதற்கு நான் என்ன செய்ய? கவுன்சில் வரிச் சலுகைக்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்பதை அந்த நேரத்தில் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் இன்னொரு தாய்தான் சொன்னா: “அக்கா, அது தன்பாட்டில வராது. நீங்கள் கேக்கவேணும்.”

கணக்கில் குறையவில்லையே என்பார்கள், எனக்குத் தெரியும். ஐந்தாம் கிழமை முழு மாதத்துக்கும் சேர்த்துத்தானே போடுகிறோம், மேலதிகமாக இரண்டு கிழமை ஹவுசிங் பெனிஃபிட்டும் தந்தோமே, கூட்டிப் பார். கூட்டிப் பார்த்தேன். தாளில் சரியாகத்தான் வருகிறது. அந்த ஐந்து கிழமையும் பிள்ளைகள் தாளையா தின்றார்கள்? கடந்துபோன மாதத்துக்கான காசு கைக்கு வரும்போது அடுத்த மாத வாடகை ஏறத் தொடங்கிவிட்டது. அன்று தொடங்கி நான் எப்போதும் வாடகைக்கு ஒரு மாதம் பின்னால்தான் ஓடுகிறேன். கையில் ஒரு மாதச் சேமிப்பு இருப்பவனுக்கு இது வெறும் தேதி மாற்றம். சேமிப்பு இருந்தால் நான் ஏன் இவர்களிடம் போகிறேன்?

முற்பணம் எடுக்கலாம் என்றார்கள். முதல் மாதத் தொகை முழுவதையும்கூடத் தருவார்கள். வட்டி கிடையாது என்று பெருமை வேறு. ஆனால் அது கடன், 24 மாதம் வரை மாதாமாதம் கழிப்பார்கள். எனக்கு வரவேண்டிய காசை எனக்கே கடனாகத் தந்து, பிறகு என்னிடமே அறவிடுவது என்ன நியாயம் என்று இன்றுவரை விளங்கவில்லை. எடுத்தேன். அது சாப்பாட்டுக்கும் மின்சாரத்துக்கும் போனது. வாடகைக்காகச் சீட்டை எடுத்தேன். மகளின் சாமத்தியச் சடங்குக்கென்று கடைசியில் எடுக்க வைத்திருந்த சீட்டு. அவசரத்துக்கு முன்கூட்டி எடுத்தால் கழிவு எவ்வளவு போகும் என்று சீட்டுப் பிடித்தவர்களுக்குத் தெரியும். அந்தக் கழிவு எந்தத் தாளில் வருகிறது? கணக்குக் குறையவில்லை என்கிறவர்கள் அதையும் கூட்டட்டும்.

சீட்டுக் காசு போய்ச் சேருவதற்குள் கவுன்சிலின் கடிதம் முந்திக்கொண்டது. வீட்டைத் திரும்பப் பெறும் நடவடிக்கைக்கு முன்னறிவிப்பு. கணினி தானாக அனுப்புவதாம், பயப்பட வேண்டாமாம். வாசித்துவிட்டு மகன் கேட்டான்: “அம்மா, எங்களை வீட்டால எழுப்பப் போறாங்களோ?” பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குக் கணினி தானாக அனுப்பியது என்று நான் என்னவென்று விளங்கப்படுத்துவேன்?

வாடகையை முன்போல நேரே கவுன்சிலுக்கே கட்டிவிடுங்கள் என்று கெஞ்சினேன். இரண்டு மாதம் பாக்கி சேர்ந்தால் பார்க்கலாம் என்றார்கள். ஒழுங்காகக் கட்ட விரும்புகிறவள் முதலில் கடனில் விழுந்து காட்ட வேண்டும்! இதே நாட்டின் ஒரு பாகமான வட அயர்லாந்தில் வாடகைப் பகுதி வழமையாகவே நேரே வீட்டுக்காரருக்குப் போகிறது, மாதத்தில் இரண்டு தரம் காசு போடுகிறார்கள். ஸ்கொட்லாந்தில் இரண்டையும் நாமே தெரிவு செய்யலாம். அங்கே முடிந்தது இங்கிலாந்தில் முடியாமல் போனது எப்படி? முடியாதென்றில்லை, மனமில்லை.

அதோடு மாத உதவியைக் கணக்கிட அவர்கள் வைத்திருக்கும் சூத்திரம். கிழமை வாடகையை 52-ஆல் பெருக்கி 12-ஆல் பிரிப்பார்கள். 130 பவுண்ஸ் என்றால் மாதம் 563 பவுண்ஸ் 33 பென்ஸ். 2024 ஏப்ரல் 1 ஒரு திங்கட்கிழமை. 2025 மார்ச் 31-உம் திங்கட்கிழமை. அந்த நிதியாண்டில் 53 திங்கட்கிழமைகள். திங்கள்தோறும் வாடகை போடும் கவுன்சில் 53 தரம் போடும். சூத்திரத்துக்கு 52-தான் தெரியும். விட்டுப்போன கிழமை யார் தலையில்? எழுதத் தேவையில்லை.

இதெல்லாம் எனக்கு மட்டும் நடந்த புதினம் என்றால் விதி என்று விட்டிருப்பேன். 2018-இல் ஐ.நா.வின் வறுமை தொடர்பான சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் இந்த நாட்டைச் சுற்றிப் பார்த்து இந்த முறையைக் கண்டித்துவிட்டுப் போனார். நான்கு தாய்மார் வழக்காடினார்கள். சம்பளத் தேதி ஒன்றிரண்டு நாள் முன்தள்ளியதால் ஒரே மாதத்தில் இரண்டு சம்பளம் வந்ததாகக் கணக்கிட்டு அவர்களின் உதவியை ஏற்றி இறக்கியது பகுத்தறிவுக்கு ஒவ்வாதது என்று 2020-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமே சொன்னது. 2025-இல் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டம் இன்னும் விசேஷம். தனியார் வீட்டிலிருந்து பாக்கிக்காகக் கட்டாயம் எழுப்பும் வழக்கில், யூனிவர்சல் கிரெடிட் இன்னும் வந்து சேராததால் மட்டும் விழுந்த நிலுவையைக் கணக்கில் எடுக்கக்கூடாதாம். அதாவது காசு பிந்தும் என்று சட்டம் எழுதுகிறவர்களுக்கே தெரியும். தெரிந்துகொண்டு, பிந்தாமல் கொடுப்பதை விட்டுவிட்டு, பிந்துவதற்கு ஒரு பிரிவு எழுதி வைத்திருக்கிறார்கள்.

மாறியதால் நட்டப்படக்கூடாது என்று ‘இடைக்காலப் பாதுகாப்பு’ என்றொரு தொகையும் தருகிறார்கள். எனக்கும் சின்னதாய் ஒன்று கிடைத்தது. நன்றி சொல்லத்தான் நினைத்தேன். பிறகு ஏப்ரலில் கவுன்சில் வாடகையை ஏற்றியது. அதை ஜேர்னலில் நான்தான் அறிவிக்க வேண்டும். வாடகையை ஏற்றியது ஓர் அரச அலுவலகம், காசு தருவது இன்னோர் அரச அலுவலகம், நடுவில் சம்பளமில்லாத தபால்காரி நான். பிந்தி அறிவித்தால் நட்டமும் எனக்கு. உரிய நாளில் அறிவித்தேன். வாடகைப் பகுதி கூடியது. கூடிய அதே தொகை இடைக்காலப் பாதுகாப்பில் குறைந்தது. கைக்கு வந்தது பழைய காசுதான். கட்ட வேண்டியது புது வாடகை. இது பிழையில்லையாம். விதியே அப்படியாம். யூனிவர்சல் கிரெடிட்டின் எந்தப் பகுதி கூடினாலும் பாதுகாப்பு அவ்வளவுக்குக் கரையும், பிள்ளைப் பராமரிப்புச் செலவு ஒன்றைத் தவிர. கரைந்து முடியும்வரை என் வாடகை ஏற்றத்தை நானே சுமக்க வேண்டும்.

முற்பணக் கழிப்பு இன்னும் ஓடுகிறது. அதை நிறுத்துங்கள், அது கடனே இல்லை என்று எழுதுங்கள் என்கிறேன். சீட்டுக் கழிவை அரசு தரட்டும் என்கிறேன். என் பெயருக்கு எதிரே உள்ள பாக்கி என்ற சொல்லை யார் போட்டார்களோ அவர்களே எடுக்கட்டும். கேட்டால் கிடைக்காது என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். கேட்காமல் இருப்பதாக இல்லை. எம்.பி.யின் அலுவலகத்துக்கு மகனைக் கொண்டு கடிதம் எழுதுவித்திருக்கிறேன்.