பந்தைப் பறிக்காதீர்கள், கெப்டன்மாரே



கிண்ணியாவிலும் மூதூரிலும் திருகோணமலை நகரிலும் கழகங்களை நடத்துகிற தம்பிமார், காக்காமார் எல்லோருக்கும் இதை எழுதுகிறோம். கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறோம். பொறுத்துக்கொண்டு கடைசிவரை வாசியுங்கள்.

பெருநாள் சுற்றுப்போட்டியின் இறுதி ஆட்டம். கழகத்தின் பெயர் வேண்டாம், பார்த்தவர்களுக்குத் தெரியும். எங்களிடம் பத்தாம் ஆண்டில் படிக்கிற பிள்ளை ஒருவன் லெக் ஸ்பின் போட வந்தான். முதல் பந்து மட்டையைத் தாண்டிக் கீப்பரின் கைக்குப் போனது. இரண்டாவதைத் தூக்கி அடித்தார்கள், எல்லையில் நின்ற மூத்த வீரர் பிடியை விட்டார். அடுத்த இரண்டும் சிக்ஸர். ஓவர் முடியும்போது 16 ஓட்டம். கெப்டன் நடு மைதானத்தில் வைத்தே, "உனக்கு ஏலாதெண்டா முதல்லயே சொல்லியிருக்கலாமேடா" என்று கத்தினார். ஒலிபெருக்கியில் இருந்தவரும் தன் பங்குக்கு ஒரு பகிடி விட்டார். சனம் சிரித்தது. பிடியை விட்டவரிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரண்டு கிழமை கழித்து அந்தப் பிள்ளை பள்ளிக்கூட மைதானத்தில் இருபது அடி பின்னால் போய் ஓடிவந்து பந்தை எறிந்துகொண்டிருந்தான். கேட்டதற்கு, "சேர், இனி வேகமாத்தான் போடுவன்" என்றான். வேகமும் இல்லை, அளவும் இல்லை. அவனுக்கு அல்லாஹ் கொடுத்த மணிக்கட்டு வேறு.

முத்தையா முரளிதரனின் கதை இதற்கு நேர் எதிர். கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் அவர் முதலில் மிதவேகப் பந்துதான் போட்டார். 14 வயதில் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ சொல்லித்தான் ஒஃப் ஸ்பின்னுக்கு மாறினார். அங்கே ஒரு பெரியவர் வேகத்திலிருந்து சுழலுக்குத் திருப்பினார். இங்கே நாம் சுழலிலிருந்து வேகத்துக்குத் துரத்துகிறோம்.

"முரளி முரளிதானே, நம்மட ஊர்ல எங்க முரளி?" என்று கேட்பீர்கள். கேட்கவேண்டியது வேறு. நம் ஊரில் எங்கே ரணதுங்க?

1995 டிசம்பர் 26, மெல்பேர்ன். 23 வயது முரளிதரன் பந்தை எறிகிறார் என்று நடுவர் டெரல் ஹெயார் மூன்று ஓவர்களில் ஏழு தடவை நோ போல் கொடுத்தார். பெருங்கூட்டத்தின் முன்னால் ஓர் இளைஞனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் என்ன? கெப்டன் அர்ஜுன ரணதுங்க முரளியை ஒதுக்கி வைக்கவில்லை. முனையை மாற்றி, மற்ற நடுவரின் பக்கத்திலிருந்து பந்தைக் கொடுத்தார். அன்றே முரளி மார்க் வோவை போல்ட் செய்தார். 1999 ஜனவரியில் அடிலெய்டில் ரொஸ் எமர்சன் திரும்பவும் நோ போல் சொன்னபோது, ரணதுங்க அணியையே எல்லைக்கோடுவரை கூட்டிப் போனார். தண்டப்பணமும் ஒத்திவைக்கப்பட்ட ஆறு போட்டித் தடையும் அவருக்குக் கிடைத்தன. அந்தப் போட்டியில் இலங்கை 303 என்ற இலக்கைத் துரத்தி ஒரு விக்கெட்டால் வென்றது.

நடுவரோடு சண்டை பிடிக்கச் சொல்கிறோம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆசிரியர்கள் அப்படிச் சொல்ல ஏலாது. பிள்ளைக்கும் அவமானத்துக்கும் நடுவில் கெப்டன் போய் நின்றார், அதைத்தான் பாருங்கள்.

சத்தமில்லாத உதவியும் உண்டு. 1998இல் ஓவல் மைதானத்தில் நாணயச் சுழற்சியில் வென்ற ரணதுங்க இங்கிலாந்தைத் துடுப்பெடுத்தாட விட்டார். இரண்டு இன்னிங்ஸுக்கும் நடுவில் முரளிக்கு ஓய்வு கிடைக்கவேண்டும் என்பது அவரது கணக்கு. முரளி 220 ஓட்டங்களுக்கு 16 விக்கெட் எடுத்தார். ஒரு பந்துவீச்சாளனின் தோள்பட்டையை நினைத்து ஒரு கெப்டன் முழுப் போட்டியையும் திட்டமிட்டார்.

ஷேன் வோர்னையும் சொல்லவேண்டும். 1992 ஆகஸ்டில் கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்துக்கு அவர் வந்தபோது பெரிய பெயர் ஒன்றும் இல்லை. அந்தப் போட்டியின் முதல் இன்னிங்ஸ் முடிந்தபோது டெஸ்டில் அவர் எடுத்திருந்தது ஒரே ஒரு விக்கெட், கொடுத்திருந்தது 335 ஓட்டம். நமது கணக்கில் அவனை வீட்டுக்கு அனுப்பியிருப்போம். இலங்கைக்கு இலக்கு 181, ஒரு கட்டத்தில் 2 விக்கெட்டுக்கு 127. விக்கெட்டுகள் சரிந்து, இனி ஒவ்வொரு ஓட்டமும் உயிர் என்ற நிலையில் அலன் போர்டர் பந்தை வோர்னிடம் கொடுத்தார். கடைசி மூன்று விக்கெட்டையும் ஓட்டமே கொடுக்காமல் எடுத்தார் வோர்ன். 16 ஓட்டத்தால் தோற்றது நம் நாடுதான், வயிறு எரியத்தான் செய்கிறது. அதே மாதம் 28ஆம் திகதி கெத்தாராமவில் முரளி முதல் டெஸ்ட் ஆடினார். பின்னாளில் ஒருவருக்கு 708 விக்கெட், மற்றவருக்கு 800.

"பத்து ஓவர் போட்டியில இதுக்கெல்லாம் எங்க நேரம்?" என்பது அடுத்த கேள்வி. உண்மைதான், மென்பந்துச் சுற்றுப்போட்டியில் ஒரு ஓவர் போட்டியை மாற்றிவிடும். ஆனால் கெப்டன்மார் தங்கள் பக்கத்துப் பிழையைப் பேசுவதே இல்லை. கச்சான் காற்று அடிக்கிற நாளில் எந்தப் பக்கம் அடித்தால் பந்து பறக்கும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். காற்று முதுகில் அடிக்கிற முனையை வேகப்பந்துக் காக்காமார் எடுத்துக்கொள்வார்கள். எதிர் முனை தம்பிக்கு. அடிபட்டால் குற்றமும் தம்பிக்கு. எல்லையில் நிறுத்துவதோ ஓட முடியாத ஆளை, அவர் கழகத்தின் மூத்தவர் என்பதற்காக.

எத்தனையாவது ஓவர் போடப் போகிறான் என்று போட்டிக்கு முன்பே அவனிடம் சொல்லி வையுங்கள். களத்தடுப்பை அவனிடமும் கேளுங்கள், பிழையாகச் சொன்னாலும் ஒரு பந்துக்கு விட்டுப் பாருங்கள். நன்றாகப் பிடிக்கிறவரை அவனது எல்லையில் நிறுத்துங்கள். சிக்ஸர் போனதும் கையை விரித்துக் காட்டாதீர்கள், பக்கத்தில் போய் மெதுவாக, "அதே பந்தை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிப் போடு" என்று சொல்லுங்கள். 16 ஓட்டம் கொடுத்தவனுக்கு அடுத்த போட்டியிலும் ஒரு ஓவர் கொடுங்கள். இதில் எதற்கும் காசு செலவில்லை. ஒலிபெருக்கிக்காரருக்கும் ஒரு வார்த்தை: பெரியவர்களை எவ்வளவு வேண்டுமானாலும் பகிடி பண்ணுங்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளை விடுங்கள்.

எங்களையும் சொல்லத்தான் வேண்டும். பாடசாலை அணியைத் தெரிவு செய்தபோது, வெல்லவேண்டும் என்ற அவசரத்தில் இதே பிள்ளையை ஒரு போட்டி முழுக்க வெளியே உட்கார வைத்தவர்கள் நாம்தான். தண்ணீர் போத்தல் தூக்கினான். கல்வியியற் கல்லூரியில் பிள்ளை உளவியல் படித்துச் சான்றிதழ் வாங்கியவர்கள் செய்த வேலை அது. அவன் வாப்பாவிடம் மன்னிப்புக் கேட்டோம். மனிதர் கடலுக்குப் போகிறவர், "பரவாயில்ல சேர், பொடியன் வீட்ட வந்து பேசல்ல, அதான்" என்றார்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு பள்ளிக்கூட மைதானத்தில் அவனுக்குத் திரும்பவும் லெக் ஸ்பின் போடப் பழக்குகிறோம். மஃரிபுக்கு முன் ஒரு மணித்தியாலம். போன கிழமை ஆறு பந்தில் இரண்டு திரும்பின. அவனைக் கத்திய கெப்டனும் இதை வாசிப்பார் என்று தெரியும். தம்பி, உங்கள்மேல் எங்களுக்குக் கோபம் உண்டு, பகை இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை வாருங்கள், வந்து அவனுக்கு எதிரே மட்டையைப் பிடியுங்கள். இரண்டு சிக்ஸர் அடித்தாலும் பரவாயில்லை, நீங்களே போய் எடுத்துவந்து பந்தை அவன் கையில் கொடுங்கள்.