ஓர் இரவும் ஈராயிரம் ஒளிகளும்

"ஆடியைப் பெரிதாக்கினால் வானத்திலுள்ள எல்லாவற்றையும் அறிந்துவிடலாமல்லவா, சேர்?" என்று சென்ற கிழமை மாணவன் ஒருவன் நம்மை வினவினான். நல்ல வினா, ஆயினும் விடை அத்துணை எளிதன்று.

தொலைகாட்டி ஒளியைத் திரட்டித் தருகின்றது; அவ்வளவே. ஒரு விண்மீன் எப்பொருள்களால் ஆயது, எவ்வளவு வெம்மையுடையது, நம்மை நெருங்குகின்றதா, விலகுகின்றதா என்பனவற்றை அறிய, அதன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தல் வேண்டும். அரியத்தினூடு சென்ற வெயில் சுவரில் வானவில்லாக விரிவதை மாணவர் கண்டிருப்பர். அச்செயலை நுட்பமாகச் செய்து பதிவதே நிறமாலைப் பதிகருவி.

ஒளியை விரித்தால் ஒவ்வொரு நிறத்துக்கும் கிடைக்கும் பங்கு சொற்பமாகும். ஆகவே மங்கலான பொருளொன்றை மணிக்கணக்கில் நோக்கியிருத்தல் வேண்டும். இரவுக்கு இரண்டு பொருள் என்றால் ஆயிரம் பொருள்களுக்கு 500 இரவுகள். முகில் மறைக்கும் இரவுகள் வேறு. எனவே பலவற்றை ஒருங்கே நோக்கும் வழியை அறிஞர் நாடினர்.

1979 இல் அமெரிக்காவின் அரிசோனாவில், உலோகத் தகடொன்றில் நட்சத்திர மண்டலங்களின் விம்பங்கள் விழும் இடங்களில் துளையிட்டு, துளைதோறும் கண்ணாடி இழையொன்றைச் செருகினர். இழைகளின் மறுமுனைகளை வரிசையாக நிறுத்தி ஒளியைப் பதிகருவிக்குட் செலுத்தினர். பின்னர் அவுஸ்திரேலியாவிலுள்ள 3.9 மீற்றர் தொலைகாட்டியில் இயந்திரக் கையொன்று 400 இழைகளை அடுக்கியது. 1997 முதல் 2002 வரை இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட நட்சத்திர மண்டலங்களின் விலகு வேகம் இவ்வாறு அளக்கப்பட்டது.

இனி மாணவனின் வினாவுக்கு வருவோம். ஆடி பெருத்தால் தொலைகாட்டியின் குவியத்தூரமும் நீளும். வளியின் அசைவாற் கலங்கிய விம்பமும் பருக்கும். முன்போல நுட்பமாக நிறம் பிரிக்கப் பதிகருவியும் உடன்பருத்தல் வேண்டும். ஆடி இருமடங்கானால் கருவியின் நீளம், அகலம், உயரம் மூன்றும் ஏறத்தாழ இருமடங்காகும். கனவளவோ எட்டு மடங்கு! பாரத்தால் கருவி வளையும், செலவும் ஏறும்.

பருத்த விம்பத்தைப் பல இழைகளுக்குப் பங்கிட்டு மெலிதாக்கலாம். ஆனால் ஒரு பொருளே பல இழைகளின் இடத்தைக் கவர்ந்துகொள்ளும். நோக்கும் பொருள்களின் தொகை குறையும். இழைகள் மிகுந்தால், ஒரே பெருங்கருவிக்குப் பதிலாக ஒரே மாதிரியான பல கருவிகளைச் செய்யலாம். ஹவாய்த் தீவின் மௌனா கேயா மலையில் யப்பானியர் நிறுவிய சுபாரு தொலைகாட்டியின் ஆடி 8.2 மீற்றர் அகலமுடையது. அதில் 2025 இல் ஆய்வுப் பணி தொடங்கிய கருவியில் ஏறத்தாழ 2,400 இழைகள் உள. ஒவ்வோர் இழையையும் இரு சிறு மோட்டார்கள் உரிய இடத்துக்கு நகர்த்துகின்றன. இழைகள் கொணரும் ஒளி நான்கு பதிகருவிகளுக்குப் பகிரப்படுகின்றது.

சிலி நாட்டில் எழுந்துவரும் தொலைகாட்டியின் ஆடியோ 39 மீற்றர். வினவிய மாணவனுக்கு நாம் கொடுத்த வீட்டுக்கணக்கு இதுவே: ஆடி ஐந்து மடங்கானால் பதிகருவியின் கனவளவு எத்தனை மடங்காகும்? விடையைக் கண்டதும், ஆடியைப் பெரிதாக்குதல் மட்டும் போதாதென்பதை அவனே உணர்வான். வாசகர் வீட்டுப் பிள்ளைகளும் கணித்துப் பார்ப்பார்களாக.