தேய்ந்த காசு குப்பையன்று

பழங்காசு திரட்டுதல் செல்வர்தம் பொழுதுபோக்கு என்பார் நம்மிடையே பலர். அச்சடித்த நாளின் பொலிவு மாறாத நாணயமே தொகுக்கத் தக்கது. முகம் மழுங்கியது எடைக்குப் போடத் தக்கது என்பது அவர்தம் துணிபு. தமிழாசிரியர் சிலரும் இதனை நம்பி, மாணவரை அத்துறையின் பக்கமே செல்லவிடுவதில்லை. இக்கருத்து பிழையானது, நம் வரலாற்றுக்குக் கேடு பயப்பதும் ஆகும்.

நாணயத்தின் தரத்தை அளக்க அமெரிக்கரான வில்லியம் செல்டன் 1949-இல் 1 முதல் 70 வரையிலான அளவுகோலை வகுத்தார். 70 என்பது தேய்வறியாக் காசு. 1 என்பது இன்ன காசு என்று அடையாளங்காண மட்டுமே இயலும் காசு. விலை பேசுவார்க்கு இவ்வளவுகோல் பயன்படும். தேய்ந்த காசை விற்றுப் பொருளீட்ட இயலாது என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயின் விலை வேறு, மதிப்பு வேறு. பேழையில் உறங்கிய காசு பளபளக்கிறது. மக்களிடையே உழைத்த காசு தேய்கிறது. இவ்விரண்டனுள் மக்கள் வரலாற்றுக்குச் சான்று பகர்வது எது?

கிள்ளானை எண்ணிப் பாருங்கள். 1941-இல் அவ்வட்டாரத் தோட்டங்களில் நம் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி வேண்டும். துரையைக் கண்டால் மிதிவண்டியினின்று இறங்கும் இழிவு ஒழிய வேண்டும் என்பன அவர்தம் கோரிக்கைகளுட் சில. அவர்களை வழிநடத்திய ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டார், படை வந்தது, உயிர்கள் மாண்டன. அந்நாளில் ஆணின் நாட்கூலி ஏறத்தாழ 50 காசு. ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை பொறித்த, 1939, 1940, 1941 ஆகிய ஆண்டுகளின் சதுர ஒரு காசுகள் அக்காலத்தில் வழங்கியவை. இக்காசு இன்னார் மடியில் இருந்தது என்று எவராலும் கூற இயலாது. எனினும் 50 காசுக்காக ஒருவர் விடியுமுன் எழுந்து பால்மரம் சீவினார் என்று ஆசிரியர் உரைக்கும்போது, அத்தகைய காசொன்று மாணவன் உள்ளங்கையில் இருப்பின், பாடம் அவன் நெஞ்சில் பதியும் அன்றோ?

தேய்ந்த காசு ஆராயவும் கற்பிக்கும். விளக்கொளியைச் சாய்த்துப் பிடித்தால் மறைந்த எழுத்தின் நிழல் தெரியும். தாளை மேலிட்டுப் பென்சிலால் மெல்லத் தேய்த்தால் ஆண்டு தோன்றக்கூடும். அவ்வாண்டு 1943 ஆயின், ஒரு வினாவும் எழும். அப்போது மலாயா சப்பானியர் பிடியில் இருந்தது. மக்கள் கையில் இருந்தது வாழைமரத் தாள்பணம். அவ்வாறாயின், ஆங்கில மன்னரின் காசு 1943 என்ற முத்திரையுடன் எங்ஙனம் வந்தது? அயலில் அச்சாகி, ஆட்சி மீண்டபின் இங்கு வந்தது. பத்துக் காசிலோ, 1939-இல் நூற்றுக்கு 75 பங்காக இருந்த வெள்ளி, 1943, 1945 ஆண்டுக் காசுகளில் 50 பங்காகக் குறைந்தது. போரின் கதையை உலோகமே சொல்கிறது.

தமிழகத்திலும் இவ்வுண்மை விளங்கியது. 1980-களில் இரா. கிருஷ்ணமூர்த்தி, காலத்தால் அரிப்புற்ற சதுரச் செப்புக்காசு ஒன்றில் 'பெருவழுதி' என்னும் பாண்டியன் பெயரைத் தமிழ்ப் பிராமி எழுத்தில் படித்தறிந்தார். பளபளப்பையே தேடியிருந்தால் அப்பெயர் கிட்டியிருக்குமா?

இன்று சீபீல்டு தோட்டம் சுபாங் ஜெயா நகராகிவிட்டது. பிரிக்பீல்ட்ஸில் இரயில்வே தொழிலாளர் வாழ்ந்த நூறு வீட்டுக் குடியிருப்பு இடிபட்டுவிட்டது. மண்ணும் வீடும் போயின. பாட்டியர் தகர டப்பாவில் இட்டுவைத்த காசுகளே எஞ்சியுள்ளன. அவற்றையும் பழைய இரும்போடு எடைக்குப் போடுகிறோம். அன்றேல், புளியிட்டுத் துலக்கி, காலம் பூசிய நிறத்தையும் எஞ்சிய எழுத்தையும் ஒருசேர அழிக்கிறோம்.

ஆசிரியப் பெருமக்களே! பெருஞ்செலவு வேண்டா. மாணவரின் கைச்செலவுக்குள் அடங்குபவை இக்காசுகள். வீட்டில் உள்ளவற்றைத் துலக்காமல் கொணரச் சொல்லுங்கள். ஒவ்வொன்றையும் தாளுறையில் இட்டு, எந்த வீட்டில், எந்தத் தோட்டத்தாரிடம் கிடைத்தது என்று எழுதிவைக்கச் செய்யுங்கள். அவ்வொரு வரி இல்லையேல் அது வெறுஞ்செம்பு. இருப்பின் அது நம் ஆவணம். காசைத் தேய்த்த கைகள் மறைந்துவிட்டன. அக்கைகளின் தடத்தையும் குப்பை என எறிவோமாயின், நம் வரலாற்றைப் பிறர் எழுதவில்லை என்று முறையிட நமக்கு உரிமை இல்லை.