ரெஸ்பொன்சிபிலிட்டிக்கு எதுகை உண்டா?

தமிழ்க் கவிதையில் ஆங்கிலச் சொல் வரலாமா, வரக்கூடாதா என்று நாம் விவாதித்து விவாதித்தே அலுத்துவிட்டோம். ஒவ்வொரு வருடமும் விவாத மேடையில் ஓர் அணி தாய்மொழி அழிகிறது என்று கண்ணீர் விடும். மற்ற அணி காலம் மாறுகிறது என்று கையை விரிக்கும். மணி அடித்ததும் இரண்டு அணியும் ஒன்றாகக் கென்டீனுக்குப் போய் ‘ஷோர்ட் ஈட்ஸ்’ வாங்கும். என்னுடைய கேள்வி அதைவிடச் சின்னது. வந்துவிட்ட ஆங்கிலச் சொல்லுக்கு, அதுவும் நீளமான ஒரு சொல்லுக்கு, ஓசையில் இணையை எங்கே தேடுவது?

‘ரெஸ்பொன்சிபிலிட்டி’யையே எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் ஆறு அசை. ‘பொறுப்பு’ என்ற நல்ல தமிழ்ச் சொல் இருக்கும்போது இது எதற்கு என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. பொறுப்புக்கு வெறுப்பு, கறுப்பு என்று இணைகளும் வரிசையில் நிற்கின்றன. ஆனால் எங்கள் வீடுகளில் இவை இரண்டும் ஒரே சொல் அல்ல. பொறுப்பு என்பது ஒருவரைப் புகழும்போது வருவது. “உனக்கு ஒரு ரெஸ்பொன்சிபிலிட்டி இல்லையா?” என்பது ஏச்சு வாங்கும்போது வருவது. ஏச்சைப் பற்றிய கவிதையில் பொறுப்பு என்று எழுதினால் அந்த ஏச்சின் சூடு போய்விடும். சூடு தேவைப்படாத இடத்தில் பொறுப்பு என்றே எழுதலாம், எனக்கு ஆட்சேபனை இல்லை.

ஆங்கிலத்தில் ஒரு சொல்லை உச்சரிக்கும்போது ஓர் அசையில் குரல் அழுந்தும். ரெஸ்பொன்சிபிலிட்டியில் அது ‘பி’யில் விழுகிறது. அந்த அசையின் உயிரொலியில் தொடங்கிக் கடைசிவரை ஓசை ஒத்துவந்தால்தான் அவர்களுக்கு அது முழு இணை. அப்படிப் பார்த்தால் எபிலிட்டி, பெசிலிட்டி, ஹியுமிலிட்டி என்று கிடைக்கும். எல்லாம் ஒரே வால் முளைத்த சொற்கள். கவிதை எழுதினால் அறிக்கை வாசிப்பதுபோல இருக்கும். அதனால்தான் அவர்களே வேறு வழி தேடினார்கள். 1819இல் வெளிவரத் தொடங்கிய ‘டொன் ஜுவான்’ என்ற நெடுங்கவிதையில் பைரன் ஒரு நீண்ட சொல்லுக்கு இரண்டு மூன்று சின்னச் சொற்களைச் சேர்த்து இணை கட்டினார். ராப் பாடகர்கள் இன்று செய்வதும் அதுதான். ‘ஓரேஞ்ச்’ என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் இணையே இல்லை என்பது பழைய கதை. 2010இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் எமினெம் அதை மறுத்தார். சொல்லை இரண்டாகப் பிரித்து, தன் வாய்க்கு ஏற்றபடி கொஞ்சம் வளைத்தால் ‘டோர் ஹிஞ்’ முதல் ‘பொரிஜ்’ வரை ஒத்துவரும் என்று காட்டினார். அகராதியில் இல்லாத இணை அவருடைய வாயில் இருந்தது.

நம் வாய் வேறு. தமிழில் அப்படி ஓர் அசையை அழுத்தும் வழக்கம் இல்லை. ரெஸ்பொன்சிபிலிட்டியை நாம் சமமாக நடத்திக்கொண்டு போய்க் கடைசியில் ‘ட்டி’ என்று இறக்கிவைக்கிறோம். ஆகவே சட்டி, பெட்டி, வட்டி, குட்டி எல்லாம் நமக்கு இணைகள். அடி முடிவில் வரும் இந்த ஒற்றுமைக்கு இயைபு என்று பெயர். ஆனால் தமிழ்ச் செய்யுளின் செல்லப்பிள்ளை இயைபு அல்ல, எதுகை. முதலெழுத்துக்கள் நெடில், குறில் என்ற அளவில் ஒத்து நிற்க, இரண்டாம் எழுத்து ஒன்றிவர வேண்டும். ஆங்கிலம் சொல்லின் வாலைப் பார்க்கிறது, நாம் தலைக்குப் பக்கத்தில் பார்க்கிறோம். ஆறு அசையோ பத்து அசையோ, எதுகைக்குக் கவலை இல்லை. முதல் இரண்டு எழுத்துக்கள் போதும்.

ரெஸ்பொன்சிபிலிட்டியின் இரண்டாம் எழுத்து ‘ஸ்’. தனித்தமிழில் இதற்கு எதுகை கிடையாது, அந்த எழுத்தே வடமொழிக்காக வந்தது. ஆனால் எங்கள் வீட்டுத் தமிழில் தேடிப் பாருங்கள். மஸ்ஜித். கிஸ்ஸா. பிஸ்மி. அரபுச் சொற்கள் கலந்த நம் பேச்சு, ஆங்கிலச் சொல்லுக்கு எதுகை கொடுக்கிறது! ‘எக்ஸாம்’ என்றால் அக்கா, பக்கம் ஒரு புறம், வக்து, மக்தப் மறு புறம். ‘அப்ளிகேஷன்’ என்றால் அப்பம், சப்பாத்து, கிப்லா. இதை எழுதிப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை ரியூஷன் கொப்பியின் பின்பக்கம்தான் அறியும்.

எதுகையில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. சென்னையில் ‘டாக்டர்’ என்கிறார்கள், நாம் ‘டொக்டர்’ என்கிறோம். அவர்களுடையது நெடில், ஆகவே வாக்கு, நாக்கு, பாக்கு என்று எதுகை தேட வேண்டும். நம்முடையது குறில், ஆகவே துக்கம், பக்கம், விக்கல். ஒரே ஆங்கிலச் சொல், கடலைத் தாண்டியதும் வேறு உறவினர்களோடு வந்து நிற்கிறது. வெள்ளவத்தைப் பிள்ளை ஒருத்தி டொக்டருக்கு நாக்கை எதுகையாக எழுதினால், அவள் இந்தியத் திரைப்படங்களை அதிகம் பார்க்கிறாள் என்று நான் கண்டுபிடித்துவிடுவேன்.

வெளிச் சொல்லைத் தமிழ் வாய்க்குப் பழக்கி யாப்பில் உட்காரவைப்பது நமக்குப் புதிதும் அல்ல. 17ஆம் நூற்றாண்டில் உமறுப்புலவர் சீறாப்புராணத்தை ஆயிரக்கணக்கான விருத்தங்களில் பாடியபோது, அரபுப் பெயர்கள் எல்லாம் எதுகைக்கும் மோனைக்கும் இணங்கி நடக்க வேண்டியிருந்தது. ஜிப்ரீல் அங்கே ஜிபுறயீல் ஆனார். கப்ர், ஸப்ர் என்ற சொற்கள் நம் உம்மம்மாக்களின் வாயில் கபுறு, சபுறு ஆகி, ஓர் உகரத்தோடு தமிழ்ச் சொல்லாகவே நடமாடுகின்றன. 2011இல் உலகமெல்லாம் ஓடிய ‘ஒய் திஸ் கொலவெறி டி’ பாட்டு ஆங்கிலச் சொற்களின் பின்னால் உகரம் ஒட்டி எல்லாவற்றையும் ஒரே ஓசையாக்கியபோது பலர் சிரித்தார்கள். உம்மம்மாக்கள் அந்த வேலையை முன்னமே முடித்துவிட்டார்கள். ஆனால் அந்தப் பாட்டின் வழியை எல்லாக் கவிதைக்கும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். எல்லாச் சொல்லுக்கும் உகரம் ஒட்டினால் எல்லாமே இணைதான், பிறகு தேடலுக்கு என்ன வேலை? டென்ஷன், ஸ்டேஷன், ரியூஷன் என்று அடுக்குவதும் அதே சோம்பேறித்தனம். தமிழில் வருகிறாள், போகிறாள், தருகிறாள் என்று முடிப்பதை நாம் நல்ல இயைபு என்று சொல்வதில்லையே.

ஆங்கிலப் பாவடிவம் ஒன்றையே தமிழாக்கிக் காட்டியவரும் நம் நாட்டில் இருந்தார். எட்வர்ட் லியர் 1846இல் ‘எ புக் ஒஃப் நொன்சென்ஸ்’ என்ற புத்தகத்தால் பிரபலமாக்கிய லிமெரிக்கை, அளவெட்டியில் பிறந்த மஹாகவி து. உருத்திரமூர்த்தி ‘குறும்பா’ ஆக்கினார். அந்த நூல் 1966இல் வெளிவந்தது. வெளியிட்டவர் ‘இளம்பிறை’ ஆசிரியர் எம்.ஏ. ரஹ்மான். அவருடைய அரசு வெளியீடு இருந்தது கொழும்பு 13இல், நம் கொட்டாஞ்சேனைப் பக்கத்து ஆதிருப்பள்ளித் தெருவில். முதல், இரண்டாம், ஐந்தாம் அடிகளுக்கு ஓர் இயைபு, நடுவில் உள்ள குட்டை அடிகள் இரண்டுக்கும் வேறோர் இயைபு. லியர் பெரும்பாலும் ஐந்தாம் அடியில் பழைய சொல்லையே திரும்பப் போட்டுத் தப்பித்துக்கொள்வார். அந்தச் சலுகையை எடுக்காமல் நானும் ஒன்று கட்டிப் பார்த்தேன்:

அடுப்படியில் பொங்கியது பால்சட்டி;
ராத்தாவோ போனோடு கண் ஒட்டி;
“பார்” என்றார் உம்மா,
“பொறு” என்றாள் சும்மா;
யார் தலையில் ரெஸ்பொன்சி பிலிட்டி?

கடைசி அடியில் சொல் இரண்டாக உடைந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். சீர் நிரம்புவதற்காகச் சொல்லை இப்படிப் பிரிப்பதற்கு யாப்பிலக்கணத்தில் வகையுளி என்று பெயர் இருக்கிறது. நீண்ட ஆங்கிலச் சொல்லை எப்படிச் சீருக்குள் அடக்குவது என்பதற்குப் பதில் நம் இலக்கணப் புத்தகத்திலேயே இருந்திருக்கிறது.

இதெல்லாம் விளையாட்டா என்றால், எனக்கு அப்படித் தெரியவில்லை. சிங்களத் தோழிகள் ஆங்கிலத்தைக் ‘கடுவ’ என்பார்கள், வாள் என்று அர்த்தம். அந்த வாள் வெட்டுவது பெரும்பாலும் உச்சரிப்பில்தான். எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை, ஒரு வகுப்பில் இதே ரெஸ்பொன்சிபிலிட்டியை அழுத்தம் இல்லாமல் நேர்கோடாகச் சொன்னாள். முன்வாங்கில் இருந்து சிரிப்பு வந்தது. எழுத்துப் பிழை விடாதவள், கட்டுரையில் எங்களைவிட அதிகப் புள்ளி எடுப்பவள். அதற்குப் பிறகு அவள் அந்த வகுப்பில் கையை உயர்த்தியதை நான் காணவில்லை.

அவள் சொன்ன உச்சரிப்பில்தான் சட்டியும் பெட்டியும் பொருந்துகின்றன. முன்வாங்கு உச்சரிப்பில் பொருந்தவே மாட்டா. ஆங்கிலப் பரீட்சைக்கு ஆங்கில உச்சரிப்பைப் படிக்கத்தான் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. தமிழ்க் கவிதைக்குள் வந்த சொல்லுக்கு மட்டும் நம் வாய்தான் சட்டம் என்கிறேன். ஷேக்ஸ்பியர் ‘லவ்’ என்பதற்கு ‘ப்ரூவ்’ என்பதை இணையாக்கினார். இன்று அவை ஒத்துப்போவதில்லை. ஆனால் அவர் காலத்து மனிதர்கள் எப்படிப் பேசினார்கள் என்பதை ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட இணைகளை வைத்துத்தான் ஊகிக்கிறார்கள். இந்தச் சஞ்சிகையின் ஒரு பிரதி நூறு வருடம் தப்பிப் பிழைத்தால், ‘பிலிட்டி’க்குப் பக்கத்தில் ‘சட்டி’ இருப்பதைப் பார்த்து, கொட்டாஞ்சேனையில் நாம் எப்படிப் பேசினோம் என்று ஒருவர் தெரிந்துகொள்ளட்டுமே. போட்டிகளில் ஆங்கிலச் சொல்லைக் கண்டவுடன் சிவப்புக் கோடு கீறும் நடுவர்களிடமும் நான் கேட்பது இதுதான்: கோட்டைக் கீறமுன் ஒருமுறை சத்தமாக வாசித்துப் பாருங்கள். ஓசை பொருந்தவில்லை என்றால் கீறுங்கள், நானும் கூடச் சேர்ந்து கீறுகிறேன்.

தோழிகளே, என்னிடம் இன்னும் இரண்டு சொற்கள் இணையில்லாமல் காத்திருக்கின்றன: ‘டெமொன்ஸ்ட்ரேட்டர்’, ‘ரெஜிஸ்ட்ரேஷன்’. முதலாவதற்குச் ‘சமர்’ என்று எதுகை வைக்கலாம் என்று பார்த்தேன், ஆனால் அந்த ‘மொ’வுக்கு ‘ம’ கொஞ்சம் தூரம். இரண்டாவதற்கு ‘விஜி’ என்ற பெயரைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை. யாருக்காவது தோன்றினால், சிற்றுண்டி இடைவேளையில் உயர்தரக் கலைப்பிரிவு வகுப்புக்கு வாருங்கள். ‘ஷன்’ என்று முடிவதை மட்டும் கொண்டுவர வேண்டாம்.