நட்ட கணக்கும் நாற்றங்கால் கணக்கும்

வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் 2022 செப்டம்பர் 24 அன்று பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கப்பெற்றபோது, மாநிலத்தின் பரப்பில் ஏறத்தாழ 23.7 சதவீதமாக இருந்த வன, மரப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்துவது என்ற இலட்சியம் பிரகடனமாயிற்று. அதில் அபிப்பிராய பேதத்துக்கு இடமில்லை. ஆனால் அதன் பிறகு நடக்கும் விழாக்களில் எல்லாம் நட்ட கன்றுகளின் எண்ணிக்கை சொல்லப்படுகிறதே ஒழிய, விதைத்த பாத்தியில் எத்தனை முளைகள் மண்ணோடு மண்ணாயின, எத்தனை கன்றுகள் வேரில் அழுகலோடு வண்டியேறின என்ற கணக்கை ஒருவரும் கேட்பதில்லை.

நாற்றழுகல் என்று குடியானவர்கள் அறிந்திருக்கும் வியாதிதான் இங்கே பிரதான சத்துரு. பித்தியம், ரைசோக்டோனியா, ஃபியூசேரியம் ஆகிய மண்வாழ் பூஞ்சாணங்கள் (பித்தியத்தைப் பூஞ்சாணக் குலத்தில் சேர்க்கலாகாது என்பர் இக்காலத்து விஞ்ஞானிகள், கன்றுக்கு அந்த வித்தியாசம் தெரியாது) இளந்தண்டு மண்ணைத் தொடும் இடத்தைப் பற்ற, அவ்விடம் நீர் கோத்து மெலிந்து, முந்தைய நாள் நிமிர்ந்து நின்ற கன்று மறுநாள் சாய்ந்துகிடக்கும், பாத்தியில் வட்டம் வட்டமாகச் சொட்டை விழும். மண்ணுக்கு மேலே தலைகாட்டும் முன்பே அழுகிவிடும் முளைகளும் உண்டு. அப்போது பழி விதையின்மேல் விழுகிறது.

பைன் முதலான ஊசியிலை மரங்களின் கன்றுகள் இந்நோய்க்கு எளிதில் இரையாவன. அமெரிக்க விவசாய இலாகாவைச் சேர்ந்த கார்ல் ஹார்ட்லி 1921-லேயே வன நாற்றங்கால்களின் நாற்றழுகலைப் பற்றித் தனி நூலொன்று வெளியிட்டார். பாத்தியில் கந்தக அமிலம் ஊற்றுவது அக்காலத்து வைத்தியம். பிற்பாடு மெத்தில் புரோமைடு வாயுவை மண்ணுக்குள் செலுத்தினார்கள். அது ஓசோன் படலத்தைச் சிதைப்பதென்று தெரிந்து, மாண்ட்ரீல் உடன்படிக்கையின்படி, சில விதிவிலக்குகள் நீங்கலாக, செல்வ நாடுகள் 2005-க்குள் அதைக் கைவிட வேண்டியதாயிற்று.

தாம்பரத்தைச் சுற்றிப் பைன் காடு இல்லை. ஆனால் பைன்போலத் தோன்றி, பூக்கும் தாவரக் குலத்தைச் சேர்ந்த சவுக்கு, கோவளம் முதல் கல்பாக்கம் வரையிலான கடலோர மணலில் தலைமுறைகளாகப் பயிராகிறது. அதன் விதைகள் ஒரு கிலோவில் பல இலட்சம் அடங்கும் அளவுக்கு நுண்ணியவை ஆதலால், தாய்ப்பாத்தியில் அடர்த்தியாக விழுந்து, நெருக்கமாக முளைத்து, பூவாளி நீர் மிகுந்தால் மொத்தமாக அழுகுகின்றன. மேட்டுப்பாத்தி, மணல் கலந்த மண், சீராகத் தூவிய விதை, காலை நீர் மட்டும் என்ற கிரமத்தை அறிந்த நாற்றுக்காரர்களுக்கு மருந்துக் கடைக்கு ஓட வேண்டிய அவசியம் குறைவு.

வித்தைக்கும் சென்னையில் பஞ்சமில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் டி. எஸ். சதாசிவன் பருத்தியின் வாடல் நோய்க்குக் காரணமான ஃபியூசேரியத்தை ஆராய்ந்து ஒரு மாணவப் பரம்பரையையே உண்டாக்கினார். சவுக்கின் பட்டையில் கொப்புளம் எழுப்பிக் கொல்லும் பூஞ்சாணம் இன்று அப்பல்கலைக்கழகத்து சி. வி. சுப்பிரமணியனின் பெயரால் வழங்குகிறது. அத்தகைய ஞானம் பாத்தி ஓரத்தில் தினக்கூலிக்கு நீர் ஊற்றும் பெண்ணின் கைக்கு வந்து சேரவில்லை என்பதே என் ஆட்சேபம்.

நம் பருவமும் இதற்கு அனுகூலமாக இல்லை. கன்றுக்குத் தேவை பெருகுவது வடகிழக்குப் பருவமழைக் காலத்தில். பாத்தியும் பையும் நீரில் ஊறிக் கிடப்பதும் அப்போதுதான். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வண்டலூர்ப் பூங்கா உட்பட எங்கும் விருட்சங்களைச் சாய்த்தபின் எழுந்தது போன்ற அவசரத்தில், ஏரி வண்டலை அப்படியே பையில் அடைத்து, துவாரம் அடைபட்ட பைகளை நிழல்வலைக்குக் கீழே நெருக்கி அடுக்கினால், நோய்க்கு வேறு உபசாரம் வேண்டாம். அக்கன்றுகளோடு நோயும் நன்மங்கலம், வண்டலூர்க் காப்புக்காடுகளுக்குள் போகலாம். இது வீண் பயமன்று: ஃபைட்டாஃப்தோரா ராமோரம் என்னும் கிருமி நாற்றுப்பண்ணைச் செடிகளின் வியாபாரத்தோடு ஐரோப்பாவில் பரவியது; 2009-இல் பிரிட்டனின் தென்மேற்கில் ஜப்பானிய லார்ச் மரங்களைப் பற்றிக்கொண்டது; அதன்பின் அங்கே தோப்புத் தோப்பாக வெட்ட நேர்ந்தது.

பரிகாரம் பெருஞ்செலவு பிடிப்பதன்று. கோடையில் மண்ணை நனைத்து, கண்ணாடிபோன்ற பாலித்தீன் தாளால் சில வாரங்கள் மூடிவைத்தால், அமிலமும் வாயுவும் செய்த காரியத்தில் பெரும் பகுதியை நம் சித்திரை, வைகாசி வெயிலே செய்துவிடும். கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலப்பது நம் விவசாயிகளுக்குப் பழகிய முறை. அரசினர் நாற்றங்கால் ஒவ்வொன்றின் வாசலிலும் விதைத்தது இவ்வளவு, முளைத்தது இவ்வளவு, அழுகியது இவ்வளவு என்று எழுதிவைக்கச் சட்டம்கூட வேண்டாம். ஓர் உத்தரவு போதும்.

அதுவரையில், கிழக்குக் கடற்கரைச் சாலையோரப் பண்ணையிலோ இலவச விநியோகத்திலோ கன்று பெறும் வாசகர்கள், தழையின் பசுமையில் மயங்காமல் பையைச் சற்று விலக்கி வேரைப் பாருங்கள். வெண்மையாக உறுதியாக இருந்தால் வாங்குங்கள், கறுத்துக் குழைந்து தோல் உரிந்தால் திருப்பிக் கொடுங்கள்.