மறவாத திரவம்

கைக்கடிகாரத்திலும் கணக்கிடும் கருவியிலும் கறுப்பாய்த் தெரியும் எண்களை நாம் அறிவோம். அவற்றை எழுதிக் காட்டுவது திரவப் படிகம் என்னும் விந்தைப் பொருள். அது நீர்போல் ஓடும். ஆயினும் அதன் மூலக்கூறுகள் ஓரளவு அணிவகுத்து நிற்கும். 1888ஆம் ஆண்டு பிராக் நகரில் தாவரவியலாளர் ஃபிரெடரிக் ரெய்னிட்சர் ஆய்ந்த ஒரு பொருள், 145.5 பாகை செல்சியஸில் உருகிக் கலங்கலாயிற்று, 178.5 பாகையில் தெளிந்தது. இடைப்பட்ட அக்கலங்கல் நிலையே திரவப் படிகம்.

இவற்றுள் ஒரு வகையை இம்மாதம் காண்போம். மின்சாரம் நின்ற பின்னும், கடைசியாகப் பெற்ற கட்டளையை மறவாத திரவம் அது.

வில் பொருத்திய கதவு, கையை எடுத்ததும் தானே மூடிக்கொள்ளும். தாழ்ப்பாளோ விட்ட இடத்திலேயே நிற்கும். கடிகாரத்திலுள்ள நெமாட்டிக் வகை, வில் கதவு போன்றது. மின்னழுத்தம் நீங்கியதும் பழைய நிலைக்குத் திரும்பும். அதற்கு மில்லி நொடிகள் பல ஆகும். ஃபெர்ரோ மின் திரவப் படிகம் தாழ்ப்பாள் போன்றது.

இது எவ்வாறு நிகழ்கிறது? இதன் மூலக்கூறுகள் குச்சி வடிவின. அடுக்கடுக்காக அமைந்து, ஒரு பக்கம் சாய்ந்து நிற்பவை. மேலும், வலக்கையும் இடக்கையும் போல, தம் கண்ணாடிப் பிம்பத்தோடு பொருந்தாதவை. இவ்விரு தன்மைகளும் ஒருங்கே அமைந்தால், ஒவ்வோர் அடுக்கும் சாய்வுக்குக் குறுக்கே மின்முனைவு பெற்றாக வேண்டும் என்று அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் மேயர் கணித்தார். பிரெஞ்சு வேதியியலாளர்கள் அத்தகைய பொருளை ஆக்கித் தந்தனர். 1975இல் கணிப்பு மெய்யெனத் தெரிந்தது.

ஆனால் அடுக்குக்கு அடுக்கு சாய்வின் திசை சுருள்போல் திரும்பியதால், முனைவுகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டன. 1980இல் நோயல் கிளார்க், ஸ்வென் லாகர்வால் இருவரும் வழி கண்டனர். மிகக் குறுகிய இடைவெளியுள்ள இரு கண்ணாடித் தகடுகளிடையே திரவத்தை அடைத்தனர். சுருள் அவிழ்ந்தது. இப்புறச் சாய்வு, அப்புறச் சாய்வு என இரண்டே நிலைகள் எஞ்சின. நேர் மின்துடிப்பு ஒன்றுக்கும், எதிர் மின்துடிப்பு மற்றொன்றுக்கும் தள்ளும். மாற்றம் மைக்ரோ நொடிகளில் முடியும்.

இனி, இயற்பியலார் 'தயக்கம்' என்பதைப் பார்ப்போம். மின்புலத்தைக் கூட்டிக் குறைத்து வரைபடம் வரைந்தால், கோடு போன வழியே திரும்புவதில்லை. புலம் சுழியான போதும் முனைவு எஞ்சி நிற்கிறது. அதை மாற்ற, எதிர்ப்புறம் குறிப்பிட்ட அளவு தள்ள வேண்டும். போன கோடும் வந்த கோடும் சேர்ந்து ஒரு கண்ணியாகின்றன. கண்ணியின் அகலம் நினைவின் உறுதியைக் காட்டும்; அதன் பரப்பு, ஒவ்வொரு சுற்றிலும் வெப்பமாய் வீணாகும் ஆற்றலைக் காட்டும். நினைவுக்கும் விலை உண்டு! புலத்தை விரைந்து மாற்றினால், திரவத்தின் பாகுநிலை காரணமாக மூலக்கூறுகள் பின்தங்கும். கண்ணி மேலும் அகலும். எனவே மின்துடிப்பின் வலிமை மட்டுமன்று, அது நீடிக்கும் நேரமும் போதிய அளவு இருத்தல் வேண்டும்.

இத்தனை சிறப்பிருந்தும் நம் தொலைக்காட்சிகளில் இது ஏன் இடம்பெறவில்லை? 1990களில் ஜப்பானின் கேனன் நிறுவனம் இதைக்கொண்டு கணினித் திரைகள் செய்தது. ஆனால் அழுத்தமோ அதிர்ச்சியோ பட்டால் மென்மையான அடுக்குகளின் ஒழுங்கு குலையும், எளிதில் சீர்ப்படாது. நெமாட்டிக் திரையை விரலால் அழுத்தினால் தோன்றும் கறை, விரலை எடுத்ததும் மறையும். இதுவோ கட்டளையை மறவாதது போலவே பட்ட அடியையும் மறப்பதில்லை. இரண்டே நிலைகள் உள்ளதால் இடைப்பட்ட சாயல்களைக் காட்டுவதும் அரிதாயிற்று. நெமாட்டிக் திரைகள் புள்ளிதோறும் டிரான்சிஸ்டர் பெற்று முன்னேறின. சந்தை அவற்றின் வசமாயிற்று.

ஆயினும் அதன் வேகம் வீண்போகவில்லை. ஒளிப்படக் கருவிகளில் கண் வைத்துப் பார்க்கும் சிறு திரைகளில் அது இடம்பிடித்தது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் மாறிமாறிக் காட்டி, ஒளிரும் நேரத்தைக் கூட்டிக் குறைத்தே எல்லாச் சாயல்களையும் அங்கே தோற்றுவித்தனர். குறையென்று ஒதுக்கப்பட்ட இருநிலைத் தன்மையே, உரிய இடம் கிடைத்ததும் பயனாயிற்று.

2020இல் கிளார்க்கின் குழுவினர் அடுக்குகளே இல்லாத ஃபெர்ரோ மின் நெமாட்டிக் திரவத்தை மெய்ப்பித்தனர். அடுக்கு இல்லையேல் குலைவதற்கும் அடுக்கு இல்லை. தாழ்ப்பாளின் கதை இன்னும் முடியவில்லை, வாசகர்களே!