மருத்துவமனைக்குக் காப்பீடு உண்டு, மருத்துவருக்கு?

தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கான 18% ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டது. காப்பீடு வாங்குவது சற்றே எளிதாகியிருக்கிறது. ஆனால், வாங்கிய காப்பீட்டை மருத்துவமனையில் பயன்படுத்துவது அதே அளவுக்கு எளிதாகவில்லை. 2023-24இல் நாடு முழுவதும் மருத்துவக் காப்பீட்டில் கோரப்பட்ட ரூ.1.17 லட்சம் கோடியில் ஏறத்தாழ ரூ.15,100 கோடி ஏற்கப்படவில்லை என்று இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்தின் (ஐஆர்டிஏஐ) ஆண்டறிக்கை தெரிவிக்கிறது. இதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றைவிடக் குறைவாகப் பேசப்படும் சிக்கல் ஒன்று, சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே எழுகிறது.

முழங்கால் மாற்று அறுவை சிகிச்சையோ இதய அடைப்புக்கான சிகிச்சையோ தேவைப்படும் ஒருவர் முதலில் தேடுவது மருத்துவமனையை அல்ல, நம்பிக்கையான மருத்துவரை. உறவினரும் நண்பர்களும் பரிந்துரைப்பது மருத்துவரின் பெயரைத்தான். காப்பீட்டு நிறுவனமோ ஒப்பந்தம் செய்திருப்பது மருத்துவமனையுடன். நோயாளி ஒருவரைத் தேட, காப்பீடு வேறொன்றை அடையாளம் காண்கிறது. இந்த இடைவெளிதான் பல குடும்பங்களின் சேமிப்பைக் கரைக்கிறது.

ஒரே மருத்துவர், வேறு வேறு கட்டணம்: நம் தனியார் மருத்துவமனைகளில் பணிபுரியும் மருத்துவர்கள் எல்லோரும் முழுநேர ஊழியர்கள் அல்லர். பலர் வருகைதரு மருத்துவர்கள். காலையில் ஒரு மருத்துவமனை, மாலையில் இன்னொன்று, வாரத்தில் இரு நாள்கள் மூன்றாவது ஒன்று என அவர்கள் பணிபுரிகிறார்கள். இவற்றுள் ஒன்று காப்பீட்டு நிறுவனத்தின் பட்டியலில் இருக்கலாம். மற்றவை இல்லாமல் போகலாம். புறநோயாளியாக ஓரிடத்தில் பார்த்த மருத்துவர், அறுவை சிகிச்சையை வேறிடத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லும்போது நோயாளியின் கணக்கு முழுவதும் மாறிவிடுகிறது.

பட்டியலில் உள்ள மருத்துவமனையிலும் சிக்கல் முடிவதில்லை. ஒரு சிகிச்சைக்கு இவ்வளவு என்று காப்பீட்டு நிறுவனமும் மருத்துவமனையும் பேசி முடிவுசெய்த தொகையில் அறுவை சிகிச்சை நிபுணர், மயக்க மருத்துவர், உதவி மருத்துவர் ஆகியோரின் கட்டணமும் அடங்கும். அந்தத் தொகை போதாது என்று கருதும் மருத்துவரின் பொருட்டு, தனியாக ஒரு தொகை கேட்கப்படும் நிலையும் ஏற்படுகிறது. மருத்துவமனை ரசீதுக்கு வெளியே கொடுக்கப்படும் இத்தகைய பணத்தைப் பல பாலிசிகள் ஈடுசெய்வதில்லை.

அறை வாடகை வரம்பு மற்றொரு கண்ணி. நாளொன்றுக்கு ரூ.5,000 வரம்புள்ள பாலிசியை வைத்திருப்பவர் ரூ.10,000 வாடகை அறையில் தங்கினால், வாடகை வித்தியாசத்தை மட்டும் கட்டினால் போதும் என்று நினைப்பார். ஆனால், அறைக்கேற்பக் கட்டணம் மாறும் மருத்துவமனைகளில் மருத்துவர் கட்டணமும் அதே விகிதத்தில் குறைத்தே ஏற்கப்படலாம். ரூ.80,000 கட்டணத்தில் பாதியை நோயாளி சுமக்க நேரிடும். மருந்து, உடலில் பொருத்தப்படும் கருவிகள், பரிசோதனைகள் ஆகியவற்றுக்கு இந்த வெட்டு கூடாது என்று 2020இல் ஆணையம் விதித்தது. மருத்துவர் கட்டணத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

நிலையில்லாப் பட்டியல்கள்: ஒரே பெயரில் பல கிளைகளை நடத்தும் மருத்துவமனைக் குழுமத்தில், ஒரு கிளை பட்டியலில் இருந்தால் மற்ற கிளைகளும் இருக்கும் என்று கருத முடியாது. கட்டணப் பேச்சுவார்த்தை முறிந்தால் ஒப்பந்தமும் முறிகிறது. 2025 ஆகஸ்டில் மருத்துவமனைகளின் சங்கம் ஒன்று, வட இந்தியாவில் உள்ள தன் உறுப்பினர்கள் ஒரு பெரிய காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுக்கு முன்பணமில்லாச் சிகிச்சையை (கேஷ்லெஸ்) நிறுத்தப்போவதாக அறிவித்தது. பேச்சுவார்த்தைக்குப் பிறகே அந்த அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. பிரீமியம் கட்டிய நோயாளிக்கு அந்தப் பேச்சுவார்த்தையில் இடமில்லை.

அரசுத் திட்டங்களிலும் கவனம் தேவை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் ஆயுஷ்மான் பாரத் திட்டத்திலும் மருத்துவமனைகள் குறிப்பிட்ட சிகிச்சைத் துறைகளுக்கென்றே அங்கீகரிக்கப்படுகின்றன. சிறுநீரகவியலுக்கு அங்கீகாரம் பெற்ற மருத்துவமனை இதயவியலுக்கும் பெற்றிருக்க வேண்டும் என்பதில்லை. பட்டியலில் மருத்துவமனையின் பெயரை மட்டும் பார்த்துவிட்டுச் செல்பவர் திரும்பிவர நேரிடலாம்.

விதிகள் எட்டாத இடம்: ஆணையம் சும்மா இருந்துவிடவில்லை. முன்பணமில்லாச் சிகிச்சைக்கான கோரிக்கையை ஒரு மணி நேரத்துக்குள் முடிவுசெய்ய வேண்டும்; மருத்துவமனையிலிருந்து வெளியேறும்போது மூன்று மணி நேரத்துக்குள் இறுதி ஒப்புதல் தர வேண்டும் என்று 2024 மே மாதம் அது பிறப்பித்த சுற்றறிக்கை கூறுகிறது. பட்டியலில் இல்லாத மருத்துவமனைகளிலும் முன்பணமில்லாச் சிகிச்சை பெறும் திட்டத்தைப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களின் மன்றம் 2024 ஜனவரியில் அறிவித்தது. திட்டமிட்ட சிகிச்சை என்றால் 48 மணி நேரத்துக்கு முன்பும், அவசரம் என்றால் சேர்ந்த 48 மணி நேரத்துக்குள்ளும் தகவல் தெரிவிக்க வேண்டும். ஆனால், மருத்துவமனை சம்மதித்தால்தான் இது நடக்கும். தவிர, இந்த விதிகள் பெரும்பாலும் சிகிச்சைக்கான கோரிக்கை எழுந்த பிறகான நடைமுறையையே நெறிப்படுத்துகின்றன. ‘இந்த மருத்துவர், இந்த மருத்துவமனையில், என் பாலிசியில் எவ்வளவு?’ என்ற முந்தைய கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுப்பு யாருடையது என்பது தெளிவாக வரையறுக்கப்படவில்லை.

அமெரிக்கா தரும் பாடம்: அமெரிக்காவில் இதே சிக்கல் இன்னும் கடுமையாக இருந்தது. மருத்துவமனை பட்டியலில் இருக்கும். அங்கே மயக்க மருந்து கொடுத்தவரும் நுண்கதிர்ப் படத்தைப் படித்தவரும் பட்டியலுக்கு வெளியே இருப்பார்கள். நோயாளி தேர்ந்தெடுக்காத அந்த மருத்துவர்களிடமிருந்து பின்னர் பெருந்தொகைக்கு ரசீது வரும். 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் இதைத் தடுத்தது. மருத்துவர் பட்டியலை 90 நாள்களுக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என்றும், தவறான பட்டியலை நம்பிச் சென்ற நோயாளியிடம் பட்டியலில் உள்ளவருக்கான கட்டணத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்றும் அது விதித்தது. பட்டியல் பிழையின் விலையை நோயாளியின் தலையிலிருந்து இறக்கியதே அதன் சிறப்பு.

சட்டம் இயற்றினால் மட்டும் போதாது என்பதையும் அந்நாடே காட்டுகிறது. 2023இல் செனட் நிதிக் குழுவின் அலுவலர்கள், காப்பீட்டுப் பட்டியல்களில் இருந்த 120 மனநல மருத்துவர் பதிவுகளைத் தொலைபேசியில் அழைத்துப் பார்த்தனர். 18 விழுக்காடு அழைப்புகளில்தான் மருத்துவரைச் சந்திக்க நேரம் கிடைத்தது. கண்காணிப்பு இல்லாத பட்டியல் வெறும் விளம்பரம்தான்.

என்ன செய்யலாம்? இதற்கான அடித்தளம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. காப்பீட்டுத் துறையோடு இணைந்த மருத்துவமனைகளுக்கு ‘ரோகிணி’ பதிவேட்டில் தனித்தனி அடையாள எண் உண்டு. ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கத்தின் கீழ் மருத்துவர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் பதிவேடுகள் உள்ளன. இவற்றைக் காப்பீட்டு நிறுவனங்களின் பட்டியலோடு இணைத்து, மருத்துவர் பெயரைக் கொண்டே தேடும் வசதியை ஏற்படுத்த வேண்டும். திட்டமிட்ட சிகிச்சைகளுக்கு, மருத்துவர் கட்டணத்தைத் தனியே குறிப்பிடும் எழுத்துபூர்வ மதிப்பீட்டை மருத்துவமனை முன்கூட்டியே தருவது கட்டாயமாக வேண்டும். சிகிச்சை தொடங்கிய பிறகு ஒப்பந்தம் முறிந்தாலோ பட்டியல் தவறாக இருந்தாலோ அந்தச் சுமையை நிறுவனமே ஏற்க வேண்டும்.

அதுவரை நோயாளிகள்தான் விழிப்புடன் இருக்க வேண்டியிருக்கிறது. மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவிடம் மட்டுமல்லாமல் காப்பீட்டு நிறுவனத்திடமும் கிளையின் பெயரைச் சொல்லிக் கேட்பது நல்லது. பதிலை மின்னஞ்சலில் பெறுவது அதைவிட நல்லது. மருத்துவருக்குத் தனியாகக் கட்டணம் உண்டா என்று சேரும் முன்பே கேட்கத் தயங்கக் கூடாது. எந்தப் பணமும் மருத்துவமனை ரசீதிலேயே இடம்பெற வேண்டும். கோரிக்கை மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்திடம் முறையிடலாம். 30 நாள்களில் தீர்வு இல்லையென்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். இதற்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.

ஆனால், அறுவை சிகிச்சைக்குத் தந்தையையோ மனைவியையோ அழைத்துச் செல்லும் ஒருவரிடம் இத்தனை விழிப்பை எதிர்பார்ப்பது நியாயமல்ல. ஒப்பந்தம் போட்டவர்கள் இருவர்; அதன் விவரங்களை அறிந்தவர்களும் அவர்களே. பிரீமியம் கட்டிய மூன்றாமவர் மட்டும் அறியாமையின் விலையைச் செலுத்தும் நிலையை மாற்றுவது, வரிக் குறைப்பைவிட முக்கியமான அடுத்த சீர்திருத்தமாக இருக்க வேண்டும்.